கலியாணப் பெண்ணுக்கு ஜேர்மன் வினையடை

பிள்ளை, ஏ1 சோதினைக்குக் கொழும்புக்குப் போக இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, இடம் காட்டும் சொல்லும் நேரம் காட்டும் சொல்லும் மண்டைக்குள் நிற்குதில்லை என்று உம்முடைய மனிசன் போனில் சொன்னான். கலியாணம் முடிந்து பதினொரு மாதம். அவன் இங்கே, நீர் அங்கே. இரண்டு பேருக்கும் நடுவில் கிடப்பது கடல் இல்லை. நூறுக்கு 60 புள்ளி.

பாடத்துக்கு முன்னம் பாடம் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். 2007 ஓகஸ்ட்டில் ஜேர்மனியில் சட்டம் வந்தது. இங்கே இருக்கும் துணையோடு சேர்ந்து வாழ வருகிறவர், ஊரை விட்டு வெளிக்கிட முன்னமே, எளிய முறையில் என்றாலும் டொச், அதாவது ஜேர்மன் மொழி, கதைக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். கட்டாயக் கலியாணத்தைத் தடுக்கத்தானாம். நல்ல விஷயம். ஆனால் யப்பான்காரிக்கு இந்தச் சோதினை இல்லை. அமெரிக்கக்காரி, கனடாக்காரி, தென்கொரியாக்காரி, அவுஸ்திரேலியாக்காரி ஒருத்திக்கும் இல்லை. அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பாஸ்போட் மட்டையிலேயே அச்சடித்திருக்கும் போல. பெரிய சம்பளத்தில் நீல அட்டை என்ற வேலை அனுமதியோடு வந்த என்ஜினியரின் பெண்சாதிக்கும் இல்லை. இன்னொன்று கேளும்: உம்முடைய மனிசன் ஸ்பெயின் குடிமகனாய் இருந்து இங்கே வேலை செய்திருந்தால், ஐரோப்பியச் சட்டத்தின்படி நீர் ஒரு சொல் தெரியாமலே வந்து இறங்கியிருக்கலாம். அவன் செய்த பிழை ஜேர்மன் குடியுரிமை எடுத்ததுதான். எடுத்த அன்றே அவனுடைய பெண்சாதி சந்தேகத்துக்கு உரியவள் ஆகிவிட்டாள்.

2014 இல் லக்ஸம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம், துருக்கியோடு முன்பு செய்த ஒப்பந்தத்துக்கு இது விரோதம் என்று தீர்த்தது. பெர்லின் சட்டத்தைத் தூக்கவில்லை. கடும் கஷ்டம் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு என்று ஒரு வாலைக் கட்டி விட்டது. மாட்டை அவிழ்க்கச் சொன்னால் கயிற்றுக்கு வர்ணம் அடிக்கிற வேலை.

இதே நாடுதான் 1955 இல் இத்தாலிக்காரரையும் 1961 இல் துருக்கிக்காரரையும் ஒப்பந்தம் எழுதிக் கூப்பிட்டது. சுரங்கத்துக்கும் உலைக்கும் கை தேவை, வாய் தேவையில்லை என்பதால் டொச் படிப்பிக்கவில்லை. அரசு ஒழுங்கான மொழி வகுப்புத் தொடங்கியது 2005 இல். ஐம்பது வருஷம் பள்ளிக்கூடம் கட்டாமல் இருந்துவிட்டு, பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று கன்னத்தில் அறைகிற வாத்தியாரை நீர் எங்கள் ஊரிலும் கண்டிருப்பீர்.

சரி, கொப்பியை எடும்.

இடத்துக்கு முதலில் மூன்று சொல்: ஹீர், டா, டோர்ட். ஹீர் என்றால் இங்கே, டோர்ட் என்றால் அங்கே. நடுவில் நிற்கும் டா எங்கள் 'வாடா போடா' இல்லை, பயப்பட வேண்டாம். மதராஸ்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம், எங்களுக்குச் சுகம். இங்கை, உங்கை, அங்கை என்று மூன்றையும் இன்னும் வாயில் வைத்திருக்கிறவர்கள் நாங்கள். உங்கைதான் டா என்று வைத்துக்கொள்ளும். முழுக்கப் பொருந்தாது, சோதினைக்குக் காணும். டா என்பதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ஆள் வந்திருக்கிறார், சமுகமளித்திருக்கிறார் என்று சொல்லவும் அதுதான். அதை மறக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

நாலாவதாய் ஒரு சொல், ட்ரூபன். அந்தப் பக்கம், அக்கரை என்று அர்த்தம். பெர்லின் மதில் இருந்த காலத்தில் மேற்குக்காரர் கிழக்கை ட்ரூபன் என்றார்கள், கிழக்குக்காரர் மேற்கை ட்ரூபன் என்றார்கள். மேற்கில் எவனாவது அரசைக் குறை சொன்னால், "அப்ப ட்ரூபனுக்குப் போவன்" என்று வாயை அடைப்பார்கள். நான் ட்ரூபனிலிருந்துதான் வந்தேன். 1985 தொடக்கத்தில் கிழக்கு பெர்லினில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஹ் வீதி நிலையத்தில் ரயில் ஏறி, மேற்கில் இறங்கினேன். கிழக்குக்காரன் தன் மக்களைச் சுடுகிற எல்லையால் எங்களைக் கை காட்டி விட்டான். மேற்குக்காரனோ, இது ஒரே நகரம், இங்கே எல்லையே இல்லை என்று கொள்கை பேசியவன். ஆகவே சோதிக்க முடியாது. இல்லாத எல்லையைக் கடந்து வந்தவன் நான். அந்த வருஷமே மேற்கு கிழக்கோடு பேசி, கடன் வசதியும் கொடுத்து, தமிழர் வரும் வழியை அடைக்க வைத்தது. இல்லை என்ற எல்லைக்குக் காசு கொடுத்துக் கதவு போட்டார்கள்.

வந்த பிறகு ஹீர் படித்தோம். 1982 சட்டத்தின்படி அகதி தன்னுடைய மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்று இருந்தது. அடுத்த மாவட்டத்தில் செத்தவீடு என்றாலும் கடிதம் எழுதி அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. உமக்குப் புத்தகம் ஹீர் என்றால் இங்கே என்று ஒரு சொல்லில் சொல்லும். எங்களுக்கு அது இத்தனை சதுரக் கிலோமீட்டர் என்று கணக்காய்த் தெரிந்திருந்தது. உம்முடைய மனிசனின் சித்தப்பா அடுத்த மாவட்டத்தில் இருந்தார். இரண்டு வருஷம் நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று போனில்தான் கதைத்தோம்.

நேரத்துக்குப் போவோம். இன்று ஹொய்ட்ட, நேற்று கெஸ்டர்ன், நாளை மோர்கன். முந்தநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, ஃபோர்கெஸ்டர்ன், யூபர்மோர்கன். மோர்கன் என்றால் காலை என்றும் அர்த்தம். குழம்ப வேண்டாம், அவர்களே சில வேளை குழம்புவார்கள். வசனத்தில் நேரம் முன்னுக்கு, இடம் பின்னுக்கு. நான் நாளைக்குப் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன் என்று நீர் நினைக்கிற ஒழுங்குதான். வினையை மட்டும் தூக்கி இரண்டாம் இடத்தில் வைத்தால் போதும். இங்கிலீஷ் வழியாகப் படிக்கிற பிள்ளைகள் இதில்தான் புள்ளி விடுவார்கள்.

ஹொய்ட்டவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரயில் நிலையத்தில் பிந்தி வரும் ரயிலுக்கு அறிவிப்பு வரும்: இன்ன ரயில், ஹொய்ட்ட, ஏறக்குறைய 40 நிமிடம் பிந்தும். ஹொய்ட்ட! இன்றைக்கு மட்டுமாம். முப்பத்தைந்து வருஷமாய் அந்த மேடையில் நிற்கிறேன், தினமும் இன்றைக்கு மட்டும். 2024 இல் தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 வீதம். ஆறு நிமிடத்துக்குக் குறைவாகப் பிந்தினால் அது பிந்தியதே இல்லை. ஓடாமலே விட்ட ரயில் கணக்கிலேயே வராது. இவ்வளவு சலுகையோடும் 62.5. உம்முடைய சோதினை என்றால் இரண்டரைப் புள்ளி மிச்சத்தோடு பாஸ்.

பால்ட் என்றால் விரைவில். பெர்லின் புது விமான நிலையத்தை 2011 இல் திறப்போம் என்றார்கள், பிறகு 2012 ஜூன் 3 என்றார்கள், அதற்கு நாலு கிழமை இருக்கையில் புகை போகும் வழி சரியில்லை என்று நிறுத்தினார்கள். திறந்தது 2020 ஒக்டோபர் 31. அதுதான் பால்ட். நீர் விசா விண்ணப்பம் கொடுத்த பிறகு யாராவது பால்ட் என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளும்.

உடனே என்பதற்கு ஸொஃபோர்ட். கொஞ்சம் சட்டை போட்ட உடனே வேண்டுமென்றால் உன்ஃபெர்ட்ஸ்யூக்லிஹ். இதற்குச் சிவில் சட்டத்தில் விளக்கமே இருக்கிறது: குற்றமான தாமதம் இல்லாமல். தாமதம் இல்லாமல் என்று இல்லை, பாரும். குற்றமான தாமதம் இல்லாமல். அவர்களுடைய தாமதம் எது குற்றமில்லாதது என்று அவர்களே தீர்ப்பார்கள். உமக்குக் கடிதம் வந்தால் அதில் உன்ஃபெர்ட்ஸ்யூக்லிஹ் என்று இருக்கும், நீர் அன்றே ஓட வேண்டும். நீர் கடிதம் போட்டால் மூன்று மாதம் பதில் இல்லாவிட்டாலும் வாய் திறக்க முடியாது; அதற்குப் பிறகுதான் வழக்குப் போடலாம் என்று நிர்வாக நீதிமன்றச் சட்டம் பெருந்தன்மையோடு சொல்கிறது.

ஜேர்மன் அதிகாரி ஒருவர் உடனே என்று சொல்லி உடனே நடந்தது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு தடவை. 1989 நவம்பர் 9, கிழக்கு பெர்லின், குந்தர் ஷபோவ்ஸ்கி. வெளிநாடு போகும் புது விதி எப்போதிருந்து என்று பத்திரிகைக்காரர் கேட்டார்கள். மனிதர் கையில் இருந்த தாளைப் புரட்டிவிட்டு, ஸொஃபோர்ட், உன்ஃபெர்ட்ஸ்யூக்லிஹ் என்றார். அன்றிரவே மதில் திறந்தது. அதுவும் அவர் தாளைச் சரியாகப் படிக்காததால். அறிவிப்பு அடுத்த நாளுக்கு என்று வைத்திருந்தது.

இனி நான் சொல்லப் போகிற சொல் உம்முடைய புத்தகத்தில் இல்லை. ஃபோர்யூபர்கேயெண்ட். தற்காலிகமாய், இடைக்காலத்துக்கு. துருக்கிக்காரரை இரண்டு வருஷத்துக்கென்று கூப்பிட்டது இந்தச் சொல்லை நம்பித்தான். வேலைக்குப் பழகியவனை அனுப்பிப் புதியவனைப் பழக்குவது நட்டம் என்று முதலாளிமார் முணுமுணுக்க, 1964 இல் அந்த இரண்டு வருஷத்தை எடுத்தார்கள். ஆனால் தலைக்குள் இருந்த ஃபோர்யூபர்கேயெண்ட் போகவில்லை. இங்கே பிறந்த பிள்ளை பிறப்பால் ஜேர்மன்காரன் ஆகலாம் என்ற சட்டம் வர 2000 ஆம் ஆண்டு ஆனது.

எங்களுக்குக் கிடைத்த தாளின் பெயர் டுல்டுங். சகித்துக்கொள்ளல் என்று அர்த்தம். விசா இல்லை, அனுமதி இல்லை. உன்னைத் திருப்பி அனுப்புவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்ற அறிவித்தல். பழைய சட்டத்தில் ட்சைட்வைஸ, சிறிது காலத்துக்கு, என்று இருந்தது. 2005 இல் வந்த சட்டத்தில் ஃபோர்யூபர்கேயெண்ட். வினையடையை மாற்றினார்கள், வேறொன்றையும் மாற்றவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருக்கால், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் விடியப்புறம் வரிசையில் நின்று முத்திரை குத்துவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் எதையும் நினைக்க ஏலாது. வீட்டுக்காரன் கேட்பான், எவ்வளவு காலம் இருப்பாய்? முதலாளி கேட்பான். பள்ளிக்கூடம் கேட்கும். தாளைக் காட்டுவோம். எனக்கு ஒன்பது வருஷம் சிறிது காலத்துக்கு நடந்தது. என்னோடு அகதி விடுதியில் இருந்த ஒருவர் பதினான்கு வருஷம் சிறிது காலமாய் இருந்து, அதற்குள்ளேயே செத்தும் போனார். இப்படி ஒன்றோடு ஒன்று கொளுவிப் போகும் தாள்களுக்கு அவர்களே வைத்த பெயர் கெட்டன்டுல்டுங், சங்கிலிச் சகிப்பு. சங்கிலி என்று தெரிந்தே பெயர் வைத்தார்கள், கூச்சமில்லை. முப்பது சொல்லில் கடிதம் எழுதத் தெரியாத கலியாணப் பெண்ணை வெளியே நிறுத்துகிற அரசு, தற்காலிகம் என்ற ஒரு சொல்லின் அர்த்தத்தை அறுபது வருஷமாய்ப் படிக்கவில்லை. அதை யார் சோதினைக்கு இருத்துவது?

ஒருபோதும் இல்லை என்பதற்கு டொச்சில் 'நீ'. எங்கள் நீதான், உச்சரிப்பும் அதே. இனி ஒருபோதும் வேண்டாம் என்பதற்கு நீ வீடர். ஹிட்லர் காலத்துக்குப் பிறகு இந்த நாடு கல்லில் வெட்டி வைத்திருக்கும் சொல் இது. 1992 ஓகஸ்ட்டில் ரொஸ்டொக்கில் வியட்நாம்காரர் இருந்த மாடிக்கட்டடத்துக்கு நெருப்பு வைத்தார்கள், கீழே நின்ற சனம் கை தட்டியது. நவம்பரில் மோல்ன் என்ற ஊரில் துருக்கிக் குடும்பத்துக்கு நெருப்பு, மூன்று சாவு. 1993 மே 26 இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பில் இருந்த புகலிட உரிமையைச் சுருக்கியது. மே 29 இல் ஸோலிங்கனில் நெருப்பு, ஐந்து சாவு, எல்லாம் பெண்களும் சிறுமிகளும். ஒன்றால் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. நேர வினையடைப் பாடம் என்பதால் திகதியை வாசிக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு இரங்கல் கூட்டத்துக்கும் சான்ஸலர் ஹெல்முட் கோல் போகவில்லை. மோல்னுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, அனுதாபச் சுற்றுலா வேண்டாம் என்றார் அவருடைய பேச்சாளர். மேலே சொன்னேனே டா, சமுகமளித்தல்? வசனம் எழுதிப் பழகும்: சான்ஸலர் டா இல்லை.

சோதினையில் உம்மை அறிமுகப்படுத்தச் சொல்வார்கள். பெயரை எழுத்து எழுத்தாய்ச் சொல்ல வேண்டி வரும். உம்முடைய தகப்பன் பெயர் நீளம், அதிலேயே பாதி நேரம் போகும், அவசரப்பட வேண்டாம். வோஹேர், எங்கிருந்து வருகிறீர் என்று கேட்பார்கள். ஸ்ரீலங்கா என்று சொன்னால் போதும், புள்ளி கிடைக்கும்.

இங்கே வந்த பிறகு அந்தக் கேள்விக்கு வால் முளைக்கும். என் பேத்திக்கு எட்டு வயது, டோர்ட்முண்டில் பிறந்தவள். ஊர்ப் பெயரிலேயே டோர்ட் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. போன மாதம் பஸ் தரிப்பிடத்தில் ஒரு வயதான அம்மா அவளைத் தடவி, நல்லாய் டொச் கதைக்கிறாய், எங்கிருந்து வருகிறாய் என்றார். டோர்ட்முண்ட் என்றாள். இல்லையம்மா, உர்ஷ்ப்ருங்லிஹ், ஆதியில் எங்கிருந்து? அந்த வினையடையும் உம்முடைய புத்தகத்தில் இல்லை, ஆனால் வந்து இறங்கினால் முதல் கிழமையே காதில் விழும். பேத்தி கொஞ்சம் யோசித்தாள். பிறகு றோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஆஸ்பத்திரியை, மூன்றாம் மாடியில் பிரசவ வார்ட்டு இருக்கும் ஜன்னல் பக்கமாய், விரலை நீட்டிக் காட்டினாள்.

"டா ட்ரூபன்."