கல்லை மறுபடி உருட்டி வைப்பது எப்படி?

தவக்காலத்துக்கு வழிகாட்டிகள் ஏராளம். எந்த வெள்ளிக்கிழமை எந்த லயத்தில் சிலுவைப்பாதை, கறியை எப்போது விடுவது, எப்போது மறுபடி தொடலாம், எல்லாம் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கும். பாஸ்காவுக்குப் பின்னால் வரும் 50 நாளுக்கு மட்டும் ஒரு துண்டுத்தாளும் கிடையாது. நோன்பு 40 நாள், கொண்டாட்டம் 50 நாள் என்று திருச்சபை தாராளமாகத்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் கொண்டாட்டம் ஞாயிறு மத்தியானக் கோழிக்கறியோடு முடிந்துவிடுகிறது.

பெரிய சனி இரவு பதுளை மரியன்னை பேராலயத்திலோ, பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பக்கத்துக் கோயில்களிலோ திரி பிடித்து நின்று, தொண்டை கட்டும்வரை அல்லேலூயா பாடி, ஒரே த்ரீவீலில் ஏழு பேராக லயத்துக்குத் திரும்பியவர், திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்தில் என்ன செய்வார்? சிக்கல் அங்கேதான் ஆரம்பம். உயிர்த்தவர் கல்லறையிலேயே தங்காதவர். கோயிலைப் பூட்டி உபதேசியார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் உள்ளேயே இருப்பார் என்று என்ன நிச்சயம்? மலைக்கு வருவார். தராசுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பீலியடியில் தண்ணீர்ச் சண்டையை வேடிக்கை பார்ப்பார். யாருக்கும் வசதிப்படாத காரியம். ஆகவே கல்லறை வாசல் கல்லைப் பத்திரமாகப் பழைய இடத்துக்கே உருட்டி வைக்கும் வழிகளை இங்கே தருகிறேன். எல்லாமே தோட்டங்களில் நெடுநாளாகப் பரீட்சித்துப் பார்த்தவை.

முதலில் திரி. மிச்சம் இருக்கும் துண்டை மேசை லாச்சியில் வைத்துவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் நாடே இருட்டில் கிடந்தபோது, பழைய பாஸ்காத் திரிதான் எத்தனையோ லயக்காம்பராக்களுக்கு வெளிச்சம் காட்டியது. வேறு வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்தது தராசு. இங்கே நிதானம் வேண்டும். விசுவாசம் அதிகம் சேதப்படும் இடம் இதுதான்.

நீங்கள் ஒரு கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மிஷன் பள்ளிக்கூடங்களின் புண்ணியத்தில் நம்மவர்களில் கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் டீமேக்கரும் ஆனவர்கள் நிறைய. நல்ல குரல் என்பதால் பெரிய சனி இரவு விடுதலைப்பயணம் 14ஆம் அதிகாரத்தை வாசிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தது. கடல் பிளந்தது, அடிமைகள் நடந்து கடந்தார்கள், பார்வோனின் தேர்கள் முங்கிப்போயின. ஏற்ற இறக்கத்தோடு வாசித்தீர்கள், பாதரே பாராட்டினார். நல்லவேளை, அந்த இரவில் 5ஆம் அதிகாரம் வாசிப்பதில்லை. அதில் பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். செங்கல் கணக்கை மட்டும் ஒன்றுகூடக் குறைக்க விடமாட்டான். முறையிட வந்தவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுகிறான். அதை வாசித்திருந்தால், புல் மண்டி உரம் காணாத மலையில் போன வருசத்து அதே கிலோவை எடு என்கிற கதை பின் வாங்கில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அக்காவுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனவே 5ஆம் அதிகாரத்தை வீட்டிலும் வாசிக்காதீர்கள்.

திங்கள் காலை நிறுவை. சித்திரை மழைக்குக் கொழுந்து கொட்டும் காலம். கூடைகள் வரிசையாக வரும்.

"ஐயா, இன்னிக்கி மழையே இல்ல, தண்ணிக்கி எதுக்குங்கையா கழிக்கிறீங்க?"

"பனிக்கு."

"பனிக்கும் சேத்து சாக்குக்குக் கழிச்சீங்களே."

"அது சாக்குக்கு. இது தோட்டத்துக்கு."

இதற்குமேல் பேச்சை வளர்க்கக் கூடாது. ஒரு நிறுவைக்கு 2 கிலோ, நாளைக்கு மூன்று நிறுவை, 30 பெண்கள் என்று சும்மா ஒரு கணக்குப் போட்டால் 180 கிலோ. ஸ்டோரில் அது ஏறத்தாழ 40 கிலோ தேயிலைத் தூளாகும். கொப்பியில் செத்த அந்தக் கொழுந்து ஸ்டோரில் உயிர்த்தெழுவதை அற்புதம் என்று ஏற்றுக்கொள்வதே விசுவாசிக்கு அழகு. இப்படி நாளைக்கு 6 கிலோ குறைந்ததால் ஒருத்திக்கு அரைப்பேர் விழுந்தால், நாள் சம்பளத்தில் பாதியோடு அவள் போவாள். மனம் உறுத்தினால் "துரை ஓர்டர்" என்று சொல்லுங்கள். பிலாத்து கை கழுவத் தண்ணீர் கேட்டான். உங்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

உங்களைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. எகிப்தில் செங்கல் குறைந்தபோது முதல் அடி மேற்பார்வை பார்த்த இஸ்ரயேலனின் முதுகில்தான் விழுந்தது. ஆனாலும் இது கல்லை உருட்டும் வழிகாட்டி, ஆறுதல் மலர் அல்ல.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். சுவிசேஷப்படி, விடியுமுன் சுமையோடு புறப்பட்டுப் போனவர்கள் பெண்கள். வெறும் கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். வந்து சொன்னபோது அப்போஸ்தலர்கள் அதைப் பிதற்றல் என்று தள்ளினார்கள் என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நம் தோட்டங்களைப்போல அப்போஸ்தலிக்க மரபைக் காத்தவர்கள் உலகத்தில் இல்லை. நாலரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுபவள் அவள். சந்தா வெட்டப்படுவது அவள் சம்பளத்தில்; தொழிற்சங்க மேடையில் நாற்காலி அவருக்கு. கோயில் கூட்டுவது அவள். கோயில் கமிட்டித் தலைவர் அவர். ஆண்கள் திங்கட்கிழமையும் இந்த மரபை விடாமல் காக்கலாம். அவள் சொல்வதை எல்லாம் பிதற்றல் என்று சொல்லிவிட்டு, சம்பள நாளில் மட்டும் அந்தக் காசை முழுதாக நம்பி வாங்கித் தவறணைப் பக்கம் நடந்தால் போதும்.

அடுத்த வாரம் தோமா ஞாயிறு. காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்ற அந்தச் சீடரின் ஆவி இன்றைக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிகளில் உயிரோடு உலாவுகிறது. "காச்சலுன்னா எங்க, மேல் சுடலியே" என்று கேட்பவரைப் பார்த்திருப்பீர்கள். தோமா கண்டபின் நம்பினார். மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

பூசையில் சமாதானம் பரிமாறும் நேரத்தில் யாருக்கும் கைகூப்பலாம், சிரிக்கலாம். மகளுக்கு மாப்பிள்ளை பேச்சு வரும்போது "அவங்க எந்த ஆளுங்க?" என்று ஒரு வார்த்தை விசாரிக்க மறக்காதீர்கள். ஞானஸ்நானத் தண்ணீர் ராமேஸ்வரம், மண்டபம் தாண்டி வந்த சிலவற்றைக் கழுவாது என்பது நம் பாட்டன் காலத்து இறையியல். அம்மன் கோயில் தேருக்கு வீட்டுக்கு வீடு பணம் சேர்க்க வந்தால், புதிதாகச் சபைக்குப் போக ஆரம்பித்தவர் கதவைச் சாத்திக்கொள்வார். கத்தோலிக்கர் பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்வார். நம் அந்தோனியார் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுத் தந்தவர்கள் யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளக் கூடாது.

2019 ஏப்ரல் 21ஐப் பற்றிச் சொல்லும்போது நையாண்டி கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும். கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் நம் பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமைத் துணை கொச்சிக்கடை அந்தோனியார்தான். அந்தக் கோயிலிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உயிர்த்த ஞாயிறு அன்றே குண்டு வெடித்தது. அதற்குப் பின்னால் நாட்டில் பல இடங்களில் முஸ்லிம் கடைப் படி ஏறாதே என்ற பேச்சு பரவியது. நையாண்டி இப்போது திரும்பி வரலாம்: எத்தனையோ வருசம் சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதி அரிசி, மா, பருப்பு தந்த நானாவின் கடையை விட்டு விலகுவதில் விசுவாசமும் காக்கப்படும், பழைய கடனும் மறக்கப்படும். கொலை செய்தவர்களுக்காகவே சிலுவையில் மன்னிப்புக் கேட்டவர் ஒருவர் உண்டு. ஒன்றும் செய்யாத நானாவை என்ன செய்வது என்று அவர் தனியாகச் சொல்லவில்லை என்பது நமக்கு நல்ல சாக்கு.

தர்மம் செய்யலாமா? தாராளமாக. படம் எடுக்க ஆள் இருக்கட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியபோது நிவாரணம் பொதி பொதியாகப் போனது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தபோதும் போனது. கொடுத்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். பசித்த வயிற்றுக்கு அந்த அரிசிதான் அன்றைக்குச் சுவிசேஷம். கொடுத்துவிட்டு உடனே வீட்டுக்குப் போய்விட வேண்டும். மீரியபெத்தையில் மண் சரியும் என்று முன்பே எச்சரித்திருந்தார்களே, சனங்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? வேறு இடம் யார் கொடுத்தார்கள்? பரம்பரையாக உழைத்தவருக்கு இந்த மலையில் ஒரு துண்டுக் காணிகூட ஏன் சொந்தம் இல்லை? இப்படிக் கேட்க ஆரம்பித்தால் பொதி கொடுத்த புண்ணியம் போய், "அரசியல் பேசுறாரு" என்ற பெயர் வரும்.

இந்த வழிகாட்டியை மதிக்காதவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லி எச்சரிக்க வேண்டியது என் கடமை. இருவருமே நம் ஊவாவில் இருந்தவர்கள்.

1972இல் பதுளை மறைமாவட்டம் உண்டானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய இடத்தை விட்டுவிட்டு, வசதியும் ஆள்பலமும் இல்லாத இந்தப் புதிய இடத்துக்கு விரும்பி வந்தார். மேலே ஏறுவதுதான் உத்தியோகம் என்று நம்பும் நமக்கு, ஓர் ஆயரே இறங்கி வருவது கெட்ட முன்மாதிரி. எளிமையாக வாழ்ந்தார். தோட்டக்காரர்களுக்கும் கிராமத்தாருக்கும் நடுவில் இருக்கத் தெரிந்த குருக்களை உருவாக்கப் பார்த்தார்.

அவர் கூப்பிட்டு வந்து சேர்ந்தவர் மைக்கேல் ரொட்ரிகோ, அமலமரித் தியாகிகள் சபைக் குரு. இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர், அம்பிட்டிய குருமடத்தில் பாடம் சொன்னவர். அப்படிப்பட்டவர் 1980இல் புத்தளைக்குப் பக்கத்து கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் போய்க் குடியேறினார். சுபசெத் கெதர என்று அதற்குப் பெயர். சுற்றிலும் பௌத்த விவசாயிகள். யாரையும் மதம் மாற்றவில்லை. பிக்குகளோடு பேசினார், நாட்டு மருந்துச் செடிகளைப் பற்றிக் கேட்டு எழுதி வைத்தார், கரும்புக் கம்பனியால் நிலம் பறிபோகும் என்று பயந்த சனங்களோடு நின்றார். பயமுறுத்தல்கள் வந்தன. போய்விடலாமா, இருக்கலாமா என்ற கேள்வி இருந்தது, இருந்துவிட்டார். 1987 நவம்பர் 10ஆம் தேதி மாலை, அந்த வீட்டில் பூசை வைத்துக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொன்றார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகும் கல்லைத் திறந்தே விட்டால் இப்படியெல்லாம் ஆகும். பதுளையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அது எவ்வளவோ பாதுகாப்பானது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்த மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நண்பர்களும் அபிமானிகளும் காசு சேர்த்து அவர் நினைவாகக் கட்டிய பரிசுத்த மாற்கு ஆலயம் 1857 முதல் நகரத்தின் நடுவே நிற்கிறது, கல்வெட்டோடு. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து வழியிலேயே விழுந்த நம் ஆட்களுக்கு அந்தச் சுவரில் ஒரு வரி இல்லை. ஆகவே நினைக்கப்பட விரும்பினால் கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, இறக்கையில் பெயர் எழுதச் சொல்லுங்கள். அமைதி வேண்டுமென்றால் அப்புத்தளையில் அடிசம் மடத்துக்குப் போய் வாருங்கள். 1931இல் ஒரு வெள்ளைக்காரப் பிரபு கட்டிய பங்களா. இப்போது ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் ஜாம் மிக நன்று. இதைக் கிண்டல் இல்லாமலே சொல்கிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம் பலருக்கு வரும். இத்தனையும் செய்தும் அவர் மலைக்கு வந்துவிட்டால் எப்படி அடையாளம் காண்பது? மகதலா மரியாவே முதலில் பார்த்தபோது யாரோ தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். ஆகவே காலையில் பெரட்டுக்களத்தில் தெரியாத முகம் ஒன்று, கையில் காயத்தோடு வந்து நின்றால் பதற வேண்டாம். எந்த டிவிசன் என்று கேளுங்கள். செக்ரோலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேர் போட முடியாது, கைக்காசுக்கு எடுத்துக்கொள்ளலாம். கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்து அனுப்பிவிட்டால் ஈபிஎஃப், ஈடிஎஃப் கட்ட வேண்டிய தொல்லையும் தோட்டத்துக்கு இல்லை.