மாவு கீழே விழுந்தால்தான் கோலம்

குடும்பத் தலைவி, மன்னார்குடி: வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்கிறார்கள். அதை எங்கே தேடுவது?

எந்த வேலையில் கை வைத்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூட உங்களுக்குத் தெரியாமல் போகிறதோ, அங்கே தேடுங்கள். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு உட்காருங்கள்.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: மனசு வந்தால் நாள் முழுக்க வரைகிறேன். வராவிட்டால் வாரக்கணக்கில் பென்சிலைத் தொடுவதில்லை. மனசை எப்படி வரவழைப்பது?

அதற்காகக் காத்திருக்காத ஒருவரை எனக்குத் தெரியும். என் அம்மா. விடியலில் வாசல் தெளித்து, ஈரம் காய்வதற்குள் பச்சரிசி மாவு டப்பாவோடு குனிவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இழையாக இறங்கும். கை வேகமாக நகர்ந்தால் இழை அறும், தயங்கினால் தடிக்கும். அதனால் மூச்சும் கையும் ஒரே சீராக இருக்கும். காய்ச்சல் நாளிலும் மூன்று புள்ளியாவது விழுந்துவிடும்.

"இன்றைக்கு என்ன கோலம்மா?" என்று கேட்டால், "புள்ளி வைத்தால் தெரியும்" என்பார். பல நாள் அவருக்கே முன்கூட்டித் தெரியாது. வைத்த புள்ளிகள்தான் அடுத்த வளைவு எது என்று சொல்லும். தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பத்துக் கோடு போடுங்கள். கை கூப்பிட்டால் மனசு வரும்.

வாசகர், ஓசூர்: பொழுதுபோக்குக்கும் பேரார்வத்துக்கும் என்ன வித்தியாசம்?

பொழுது மிஞ்சினால் செய்வது பொழுதுபோக்கு. பொழுதை மிச்சம் பிடித்துச் செய்வது பேரார்வம்.

வங்கி ஊழியர், கரூர்: எழுத்துதான் என் உயிர். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். கணிதமேதை ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்துக்கொண்டேதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். காஃப்கா பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். 'தீர்ப்பு' என்ற கதையை 1912 செப்டம்பரில் ஒரே இரவில் எழுதி முடித்தார். நம் சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே எழுதினார்.

வீட்டு வாடகையைச் சம்பளம் பார்த்துக்கொண்டால், உங்கள் எழுத்து யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. இரவில் ஒரு மணி நேரத்தை மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்ற முடியாதவருக்கு, வேலையை விட்டபின் கிடைக்கும் பத்து மணி நேரமும் கையில் நிற்காது.

வாசகர், சிவகாசி: பத்து வருடமாக ஒரு நாவல் மனதுக்குள் முழுசாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கெட்டுவிடுமோ என்று பயம்.

டப்பாவில் இருக்கும்வரை அது வெறும் மாவு. கீழே விழுந்தால்தான் கோலம். கோணலாக விழுந்தால் காலால் தேய்த்துவிட்டு மறுபடி போடலாம். டப்பாவுக்குள் இருப்பதை யாராலும் திருத்த முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி: எனக்கு 63 வயது. ஓவியம் கற்க ஆசை. "இந்த வயதிலா?" என்கிறார்கள்.

அமெரிக்காவில் கிராண்ட்மா மோசஸ் என்றொரு பாட்டி. 1860-ல் பிறந்தவர். வாழ்நாளெல்லாம் பண்ணை வேலை, ஓய்ந்த நேரத்தில் கம்பளி நூலில் பூவேலை. மூட்டுவலி வந்து ஊசி பிடிக்க முடியாமல் போனதும், ஏறக்குறைய 78 வயதில் தூரிகையைக் கையில் எடுத்தார். தான் பார்த்து வளர்ந்த வயலையும் பனியையும் அறுவடையையும் வரைந்து தள்ளினார். 101 வயது வரை வாழ்ந்தார். அந்தக் கணக்குப்படி நீங்கள் 15 வருடம் முன்னதாகவே வந்துவிட்டீர்கள்.

நம் ஊரிலும் ஆள் உண்டு. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் விவசாயம் பார்த்த கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர், முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பின்னாளில் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதுவரை அவர் வாழ்ந்த கரிசல் வாழ்க்கை வீணாகவில்லை, அத்தனையும் எழுத்துக்கு உரமானது. உங்களிடமும் 63 வருட உரம் இருக்கிறது.

ஒரு தாய், ஈரோடு: மகன் எந்நேரமும் படம் வரைகிறான். இது சோறு போடுமா?

சோறு போட நூறு வேலை உண்டு. உண்ட சோறு உடம்பில் ஒட்ட ஒரு வேலை வேண்டும். அது அவனுக்கு இந்த வயதிலேயே கிடைத்திருக்கிறது. நல்ல தாள் வாங்கிக் கொடுங்கள். "மார்க் எவ்வளவு?" என்று கேட்கும் அதே வாயால் "இந்தப் படத்தில் இருப்பது யாருடா?" என்றும் கேளுங்கள்.

வாசகி, தஞ்சாவூர்: பெரிய ஓவியர்களைப் பார்த்துப் போட்டுப் பழகுகிறேன். இது காப்பிதானே?

சுவரைப் பிடிக்காமல் நடை பழகிய குழந்தை உண்டா? பிடித்து நடங்கள். சுவர் முடியும் இடத்தில் உங்கள் நடை தொடங்கும்.

வாசகர், கோவை: தினமும் புகைப்படம் எடுத்துப் போடுகிறேன். நாலு லைக்கூட விழுவதில்லை. எதற்குத் தொடர வேண்டும்?

சிகாகோவில் விவியன் மையர் என்ற பெண்மணி இருந்தார். வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை. கழுத்தில் கேமராவோடு தெருத்தெருவாக நடந்து ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார். பலவற்றைக் கழுவிப் பார்க்கவே இல்லை. 2007-ல் அவர் பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகுதான் அந்தப் படங்கள் வெளியே தெரிந்தன. 2009-ல் இறந்துபோனார். புகழ் அவர் கண்ணில் படவே இல்லை. அவருக்குக் கிடைத்தது அந்தத் தெருக்களும், அவற்றைப் பார்த்த அந்தக் கண்ணும்.

கோலமும் அப்படித்தான். காலை பத்து மணிக்குள் பால்காரர் சைக்கிளும் பிள்ளைகள் காலும் பட்டுக் கலைந்துவிடும். மிச்சம் எறும்புக்கு. 1970-களில் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் கோலத்தின் கட்டமைப்பைக் கணினி அறிவியல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். எந்த ஆய்வையும் எதிர்பார்த்து எந்த அம்மாவும் புள்ளி வைக்கவில்லை. மறுநாள் வாசல் காலியாக இருக்கும், அதற்காகவே விடியலில் எழுந்தார்கள்.

வாசகர், வேலூர்: நான் ஆர்மோனியம் வாசிப்பேன், மனைவி பாடுவார். அவர் போய் எட்டு மாதம். பெட்டியைத் திறக்கவே கை வரவில்லை. இனி வாசிப்பது சரியா?

ஐயா, அப்பா போன வருடம் எங்கள் வாசலில் கோலம் இல்லை. வழக்கம் அது. ஒரு நாள் மதியம் அம்மா சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்து, மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8 வரை. கோடு எதுவும் இழுக்கவில்லை, புள்ளி மட்டும். என்னைப் பார்த்ததும் நோட்டை மூடவில்லை. "கை மறந்துடக் கூடாதுல்ல" என்றார்.

தலைத்திவசம் முடிந்த மறுநாள், வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் விழித்தேன்.

உங்கள் மனைவி பாடிய பாட்டு உங்கள் விரலில் இருக்கிறது. இன்று வாசிக்க வேண்டாம். பெட்டியைத் திறந்து கட்டைகளின் மேல் படிந்த தூசியை மட்டும் துணியால் துடையுங்கள். துருத்தியை ஒருமுறை மெல்ல இழுத்து விடுங்கள். இன்றைக்கு அந்தக் காற்று போதும்.