தலையும் வாலும்

கேள்வி: நம் உடலில் உள்ள எஸ்ரின் புரதத்தைப் பாக்டீரியாவை வைத்து ஏன் தயாரிக்கிறார்கள்?

பதில்: மனிதரிடம் கேட்டால் சதையை அல்லவா வெட்டித் தரவேண்டும்! ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மரபணுவைக் கொடுத்தால் போதும், விடியவிடிய உழைத்துத் தந்துவிடும்.

586 அமினோ அமிலங்கள் கொண்ட எஸ்ரின், தலையால் செல் சவ்வையும் வாலால் உள்ளிருக்கும் ஆக்டின் இழைகளையும் பிடித்துக்கொள்ளும். சட்டையோடு பொத்தானைச் சேர்க்கும் நூல் மாதிரி. வேலையில்லாவிட்டால் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். சவ்வின் கொழுப்பு தொட்டு, 567ஆம் இடத்தில் பாஸ்பேட்டும் ஏறினால் நிமிர்ந்துவிடும்.

சாப்பிட்ட சத்தை உறிஞ்சும் குடல் செல்களின் நுண்விரல்கள் ஒழுங்காக நிற்பது இதன் தயவில்தான். ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் பரவவும் இது துணைபோகிறது. அதைத் தடுக்கும் மருந்தைத் தேட, தூய எஸ்ரின் கையில் இருந்தாக வேண்டும். அந்தப் பாக்டீரியாவுக்குத் தாராளமாக நன்றி சொல்லலாம்!