மத்தியரங்கத்துக்கு ஒரு மோட்டார் படகு

கொள்ளேகாலில் பட்டு வியாபாரம் செய்து நாலு காசு பார்த்த ஒருவருக்கு, சொந்தமாக மோட்டார் படகு வாங்கிக் காவிரித் தீவுகளைச் சாவகாசமாகச் சுற்றிவர ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீவுக்குப் பஞ்சமில்லை. மேலே ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், கீழே நம்முடைய ஸ்ரீரங்கம், நடுவில் கொள்ளேகாலுக்குப் பக்கத்திலேயே மத்தியரங்கம் என்கிற சிவனசமுத்திரம். மூன்றிலும் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். ஆற்று நடுவில் படுத்தபிறகு எழுந்து எங்கும் போகவேண்டாம் என்று அவர் முடிவெடுத்ததில் நியாயம் இருக்கிறது. படகுக்காரர் வரைபடத்தை விரித்ததும் அது புரியும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏறினால் தலக்காட்டருகே மாதவமந்திரி அணைக்கட்டு குறுக்கே நிற்கும். பக்கத்திலேயே மாலங்கி. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபின் நகைக்காக ஆள் அனுப்பப்போய், அங்கே முன்பு ஆண்ட விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா சாபம் விட்டுவிட்டு ஆற்றில் குதித்த இடம். தலக்காடு மணல்மேடாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் ராஜாவுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று ஒரே மூச்சில் மூன்று. மூன்றாவது அரண்மனை விவகாரம். முதல் இரண்டும் படகு ஓட்டுகிறவன் விவகாரம். இதையும் தாண்டி சிவனசமுத்திரம் வந்தால், ககனசுக்கி அருவியில் ஆறு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே விழுகிறது. படகும் கூடவே விழும். தப்பினால் மேக்கேதாட்டு, அப்புறம் ஒகேனக்கல், அப்புறம் மேட்டூர் அணை, அப்புறம் முக்கொம்பு. ஸ்ரீரங்கம் போய்ச் சேருவது படகின் சாவியாகத்தான் இருக்கும்.

ஆகையால் பயணத்தை ஒரே தீவோடு சுருக்கிக்கொள்வது புத்தி. அதுவும் சுலபம் என்று நினைக்கவேண்டாம். இந்த ஒரு தீவுக்குள் கால்வைக்கத் திட்டம் போட்டவர்களின் கதை பெரியது. அதில் பெரும்பகுதி குடும்பச் சண்டை.

1800-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பக்கம் வந்து, ஊரார் சொன்னதை எழுதிவைத்தார். கதை இது. சிவனசமுத்திரத்தில் கங்கராஜா என்று ஒரு ராஜா. இரண்டு பெண்கள். ஒருத்தியைச் சத்தேகாலாவுக்குப் பக்கத்துக் கிளிமலை ராஜாவுக்கும், மற்றவளை மத்தூருக்குக் கிழக்கே நாகரகெரே பூச்சிராஜாவுக்கும் கட்டிக்கொடுத்தார். இரண்டும் கைக்கெட்டும் தூரம். பெண் கொடுத்தால் பக்கத்தில் கொடுக்கவேண்டும் என்கிறவர்கள் கவனிக்கவும். பெண்கள் போன நாளிலிருந்து ஒரே பாட்டு. எங்கப்பா அரண்மனை மாதிரி வருமா, எங்கப்பா வீட்டு விருந்து மாதிரி வருமா. ரசத்தில் உப்புக் குறைந்தாலும் அப்பா வீட்டு ரசத்தில் போய் முடியும்.

சாதாரண மாப்பிள்ளைகள் என்றால் திண்ணைக்குப் போயிருப்பார்கள். இவர்கள் ராஜாக்கள். சகலைகள் இருவரும் கலந்து பேசினார்கள். மாமனாரைவிட நாம் பெரியவர்கள் என்று காட்டினால்தான் வாய் அடங்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. படையைத் திரட்டிக்கொண்டு வந்து தீவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தார்கள். ஒரு மகாமகத்துக்கும் அடுத்த மகாமகத்துக்கும் நடுவிலுள்ள காலம். ஆற்றைக் கடக்க ஒரே ஒரு நடைதுறை, அதில் மாமனார் காவல் போட்டிருந்தார். பன்னிரண்டு தலைதீபாவளிக்கு ஈடான மரியாதையை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் சுலபமான வழி தென்பட்டது. மாமனாரின் தளவாய்க்குப் பணம் கொடுத்தார்கள். தளவாய் துறைக் காவலை விலக்கிவிட்டு, ராஜாவைச் சதுரங்கம் ஆடக் கூப்பிட்டார். ராஜாவுக்கு அந்தப் பைத்தியம் இருந்திருக்கவேண்டும். படை ஆற்றில் இறங்கித் தீவில் ஏறிக் கூச்சல் போடுகிறது. ராஜா தலையைத் தூக்குகிறார். “குழந்தைகள் விளையாடுகிறார்கள்” என்கிறார் தளவாய். எத்தனை ஆயிரம் குழந்தைகள், எல்லாரும் கட்டைக் குரலில்! ராஜா ஒரு காய் நகர்த்தியிருப்பார் என்றே தோன்றுகிறது.

இதற்குமேல் சிரிக்க ஒன்றுமில்லை. விஷயம் புரிந்ததும் ராஜா வாளை உருவி, அந்தப்புரத்தில் இருந்த பெண்டு பிள்ளைகளைத் தானே வெட்டிவிட்டு, படைக்குள் பாய்ந்து செத்தார். மாமனாரை உயிரோடு பிடித்து வீட்டுக்காரிகள் எதிரில் நிறுத்தலாம் என்று வந்த மாப்பிள்ளைகள், பார்த்ததைத் தாங்கமாட்டாமல் ககனசுக்கியில் குதித்தார்கள். பெண்களும் பின்னாலேயே குதித்தார்கள். இத்தனைக்கும் காரணம் பெண்களின் திமிர் என்று கதை தீர்ப்புச் சொல்கிறது. காசு வாங்கிய தளவாய் என்ன ஆனார் என்று கதைக்கு அக்கறையே இல்லை. கதையை முதலில் சொன்னது யாரோ தளவாய் குடும்பத்தார் என்பது என் சந்தேகம்.

இது கதை. சரித்திரப் புத்தகத்தில் உள்ள கங்கராஜா உம்மத்தூர்த் தலைவர். அவரை அடக்க 1510-ஐ ஒட்டிய வருஷங்களில் கிருஷ்ணதேவராயரே கிளம்பி வந்தார். கங்கராஜா காவிரியில் மூழ்கிப்போனார். நூனிஸ் என்கிற போர்த்துகீசியர், ராயர் தண்ணீர் சூழ்ந்த ஓர் ஊரை முற்றுகையிட்டதை எழுதியிருக்கிறார். ஆற்றில் வெள்ளம், கிட்டப் போக முடியவில்லை. ராயர் பரிசல் தேடவில்லை. பக்கவாட்டில் பல வாய்க்கால்களை வெட்டி ஆற்றையே பிரித்து அனுப்பிவிட்டார். அடித்தரை தெரிந்ததும் படை உள்ளே நடந்தது. அந்த ஊர் சிவனசமுத்திரம்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வேறு ஊராகவே இருந்தாலும், படகு வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க ஆற்றைக் காலிசெய்த ஆளை மெச்சத்தான் வேண்டும். இன்று அதைச் செய்யப் போனால் இரண்டு மாநிலமும் காவிரி மேலாண்மை ஆணையமும் சும்மா விடாது.

புக்கானன் பார்த்தபோது தீவு காடு. கோயில்கள் மட்டும் நின்றன. பாலங்கள் போயிருந்தன. அடுத்து வந்த ஆள் ராஜாவும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. மைசூர் ரெசிடென்டிடம் நம்பிக்கையான வேலையில் இருந்த ராமசாமி முதலியார். முற்றுகை, சபதம், சதுரங்கம் ஒன்றும் கிடையாது. காவிரியின் இரண்டு கிளைகளிலும் பாலம் போட்டார். ஆற்றுக்குள் வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள், தூண்மேல் கல் உத்தரம், உத்தரத்தின்மேல் கற்பலகை. பாலம் கேட்ட நேர்க்கோட்டில் போகாமல், காலூன்றப் பாறை கிடைத்த பக்கம் வளைந்துகொடுத்துப் போகும் பாலம். 1830-களிலிருந்து எத்தனையோ வெள்ளத்தை வாங்கிக்கொண்டு, 2018 வெள்ளத்தில்தான் பழைய பாலத்தில் ஒரு பகுதி சரிந்தது. புதுப் பாலங்களுக்கு இந்த ஆயுள் இருக்கிறதா என்று பொதுப்பணித் துறையைக் கேட்பது அநாகரிகம்.

கொள்ளேகால் பக்கம் அப்போது மதராஸ் ராஜதானி. 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லா. எதிர்க்கரை மைசூர். ஆகவே முதலியாருக்கு இரண்டு சர்க்காரும் ஜாகீர் கொடுத்தன. ‘ஜனோபகார காமகர்த்தா’ என்று பட்டமும் கிடைத்தது. காவிரி விஷயத்தில் இரண்டு கரையும் ஒரே ஆளைப் பாராட்டியது அப்புறம் எப்போதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

தீவுக்கு மோட்டார் வந்தது, படகாக அல்ல. திவான் சேஷாத்ரி அய்யர் காலத்தில் அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். கப்பலில் வந்த இயந்திரங்கள் கடைசித் தூரத்தை மாட்டு வண்டியிலும் யானைத் துணையிலும்தான் கடந்தன. 1902 ஜூன் 30-ல் மின்சாரம் 147 கிலோமீட்டர் தள்ளி இருந்த கோலார் தங்கவயலுக்கு ஓடியது. பெங்களூருக்கு விளக்கு 1905-ல். அருவி இருக்கிற ஊரை விட்டுவிட்டு முதலில் தங்கம் இருக்கிற ஊருக்கு. மின்சாரத்துக்கும் மாப்பிள்ளை பார்க்கத் தெரிந்திருக்கிறது. திவான் 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். விளக்கைப் பார்க்கவில்லை.

படகுக்காரருக்கு என் யோசனை: அந்தப் பணத்தைத் தறியிலேயே போடுங்கள். கொள்ளேகாலிலிருந்து பஸ் போகிறது. மழை முடியும் சமயம் போனால் பரசுக்கி, ககனசுக்கி இரண்டு அருவியும் நிரம்பி விழும். மத்தியரங்கரை சேவித்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். குளிக்கத் துறை தேடி மட்டும் அருவிப்பக்கம் இறங்காதீர்கள். மேலே கே.ஆர்.எஸ். அணையிலும் கபினி அணையிலும் எப்போது மதகைத் திறப்பார்கள் என்று தண்ணீருக்குள் நிற்பவருக்குத் தெரியாது.