அவிழாமல் நிமிர்வது எப்படி?

ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் கட்டினால் முதுகு நிமிர்கிறது, நெஞ்சு விரிகிறது, நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது என்கிறார்கள். வராமல் என்ன? எட்டு கெஜம் கம்பளியைக் கொசுவம் கொசுவமாகத் தைத்து, வாரும் பக்கிளும் வைத்து இறுக்கிக்கொண்டால் யாருக்கும் மிடுக்கு வரும். காரைக்கால் பக்கம் எங்கள் குரும்பகரத்தில் கதையே வேறு. பட்டன் இல்லை, நாடா இல்லை, ஊசி இல்லை. வயிறும் துணியும் செய்துகொண்ட வாய்மொழி ஒப்பந்தம்தான் வேட்டி. அந்த ஒப்பந்தத்தை நம்பி ஊர் நடுவே நடக்க வேண்டிய, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊர் திரும்பும் தம்பிகளுக்காக இந்த வழிகாட்டி.

படி 1: வாங்குதல்

முழம் ஒன்றரை அடி. ஆக நாலு முழம் ஆறடி, ஒற்றைச் சுற்று. எட்டு முழம் பன்னிரண்டு அடி, இரட்டைச் சுற்று. முதல் தடவை கட்டுகிறவர்கள் எட்டு முழமே வாங்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே நிற்க நேர்ந்தால் அருமை தெரியும். புது வேட்டியை ஒருமுறை அலசிக் காயவைத்துக் கட்டவும். இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி மடிப்பு கட்டம் கட்டமாகத் தெரியும். டீக்கடையில், “என்ன மாப்ள, இன்னிக்குத்தான் பிரிச்சியா?” என்பார்கள்.

ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் கிடைக்கிறது. ஆனால் கெட்டிமேளத்துக்கு முந்தைய அந்த ஒரு நொடி அமைதியில் நீங்கள் உட்காரப் போக, இடுப்பிலிருந்து “பர்ர்ர்” என்று சத்தம் வரும். மணமக்களைத் தவிர எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெல்ட்? என் பெரியப்பா சொன்னதை அப்படியே தருகிறேன்: “பெல்ட்டு போட்டுக் கட்டுறதுக்கு பேன்ட்டே போட்டுக்கலாமேடா.”

படி 2: கட்டுதல்

வேட்டியை முதுகுப்பக்கம் விரித்து இரு முனைகளையும் முன்னால் இழுங்கள். ஒரு முனையை எதிர் இடுப்பில் செருகி, மறுமுனையை அதன்மேல் சுற்றிக் கொண்டுபோய்ச் செருகுங்கள். மேல்விளிம்பைச் சுருட்டி இறக்குங்கள். இதைச் செய்யும்போது வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. எக்கிக் கட்டிய வேட்டி, மூச்சு விட்டதும் இறுகும், சாப்பிட்டதும் பிதுங்கும், சிரித்தால் நழுவும். உள்ளே பட்டாபட்டி கட்டாயம். அது உள்ளாடை அல்ல, காப்பீடு.

படி 3: நடத்தல்

நிமிர்வின் ரகசியம் இங்கேதான். கூன் போட்டால் வயிறு மடியும். வயிறு மடிந்தால் செருகல் தளரும். அதனால் முதுகு தானாக நேராகிறது. எட்டி நடந்தால் முன்பக்கம் பிளக்கும்; அதனால் அடி சுருங்குகிறது. பார்க்கிறவர்கள் “என்ன கம்பீரம்!” என்பார்கள். உள்ளே ஓடுவது பயம். வெளியே சொல்ல வேண்டாம்.

பயிற்சிக்கு வயல் வரப்பைவிட நல்ல இடமில்லை. ஒரு பாதம் வைக்கத்தான் இடம், இரண்டு பக்கமும் சேறு. பத்து நாள் நடந்தால் போதும், தார்ச்சாலையில் ராஜநடை வந்துவிடும். ஆடி மாதத்தில் மட்டும் வேண்டாம். அம்மியே பறக்கும் காற்றில் வேட்டி எம்மாத்திரம்?

படி 4: ஏற்றுதல், இறக்குதல்

மடித்துக் கட்டினால் வேலை, சண்டை, அல்லது சும்மா. இறக்கிவிட்டால் மரியாதை. பெரியவர் சைக்கிளில் எதிரே வந்தால், அவர் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே மடிப்பு இறங்க வேண்டும். கடந்த பிறகு இறக்கினால், அவரைப் பார்த்தும் யோசித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாலைக்குள் அது உங்கள் அப்பா காதுக்குப் போய்விடும்.

படி 5: எல்லை தாண்டுதல்

2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அது தமிழ்நாட்டுச் சட்டம். நம் காரைக்காலோ புதுச்சேரியைச் சேர்ந்தது; கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஆக, குரும்பகரத்தில் கிளம்பும் வேட்டி எல்லையைத் தொடும்வரை தன் சொந்த பலத்தில்தான் நிற்க வேண்டும்.

நம் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரச்சினை தலைகீழ். 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு ஐரோப்பிய பூட்ஸ் போட்டு வந்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையைத் தடுத்தார்கள். அவர் பாரீஸ் வரை வழக்கை இழுத்து ஜெயித்தார். அன்று வக்கீலிடம் “உங்கள் உடுப்பில் வா” என்றார்கள். 141 வருஷம் கழித்து நீதிபதியிடம் “அந்த உடுப்பில் வராதே” என்றார்கள். வாசலில் நிற்பவனுக்கு உடுப்பு ஒரு சாக்கு. நீங்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: தேர்வு

கல்யாணப் பந்தியில் சாம்பார் பரிமாறுவதுதான் தேர்வு. ஒரு கையில் வாளி, மறுகையில் கரண்டி. இடுப்பைத் தொட மூன்றாவது கை கிடையாது.

நான் பதினேழாவது இலையில் தோற்றேன். இடது பக்கம் லேசாக இளகியது. வாளியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிலையானேன். இலைக்காரர் இரண்டு முறை “சாம்பார்” என்றார். பெரியப்பா பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. “வாளியக் குடு. தூணுக்குப் பின்னாடி போயி கட்டிக்கிட்டு வா” என்று வாங்கிக்கொண்டார்.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அறுபத்தைந்து வயது. வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையும் நிறைய, ஒருமுறைகூட இடுப்பைத் தொடாமல், நாற்பது இலை. கடைசி இலையில் குழந்தைக்காகக் குனிந்து ஊற்றினார். சட்டை மேலே ஏறியது.

நாலு விரல் அகலத்தில், போன் வைக்கும் பையோடு, பச்சை பெல்ட்.