எல்லாருக்கும் சிறப்பு

  மலேசியாவின் ஏறக்குறைய எல்லா இளங்கலைப் பட்டத்துக்கும் 'கெபூஜியான்' என்றொரு வால் உண்டு: ஹானர்ஸ், அதாவது சிறப்பு. கடைசி பெஞ்சுக்காரரும் சிறப்பாளரே. என்ன பெருந்தன்மை! நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையிலும் இதைக் கொண்டுவரலாம். எல்லாரும் முதலில் நிற்கலாம்.

பட்டமளிப்பு நாளில் மண்டபத்துக்கு வெளியே பொம்மைக் கரடி விற்பார்கள். அதற்கும் கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி. ஒரு வகுப்புக்கும் போகாத கரடி. அதற்கும் கெபூஜியான் போட்டுவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

ஒரே சின்ன வேறுபாடு: பிடிபிடிஎன் கல்விக்கடன் வாங்கியவர்களில் தகுதியுள்ள முதல் வகுப்புக்காரர்கள் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். மற்ற சிறப்பாளர்கள் மாதத் தவணை கட்டவேண்டும். கரடிக்குக் கடனே இல்லை.