‘இதெல்லாம் ஒரு பாட்டா?’

கேள்வி: ‘டம் டம் டம் டம்’ என்று ராத்திரி முழுக்க ஒரே அடி. இதற்குப் பெயர் இசையா சார்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: உட்கார்ந்து கேட்டால் அலுக்கத்தான் செய்யும். அது உட்காருகிறவர்களுக்காகச் செய்ததில்லையே! ‘ஹவுஸ்’ இசையில் நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. அது பிசகாமல் விழுந்தால்தான் ஆடுகிறவர் காலைக் கவனிக்க வேண்டியதில்லை. ஹை-ஹாட் தாளத்தட்டு எப்போது நுழைகிறது, பேஸ் எப்போது விலகுகிறது என்று காது மேலே போய்விடும். தம்புராகூடக் கச்சேரி முழுக்க ஒரே சுருதிதான். யாராவது எழுந்து போனார்களா?

கேள்வி: இந்த மின்னணு ஆட்டமெல்லாம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததுதானே?
– விருதுநகர் வாசகி

பதில்: பாதி சரி. ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃபிலிருந்து ‘கிராஃப்ட்வெர்க்’ குழு எந்திர ஓசையைக் கொடுத்தது. 1977-ல் ம்யூனிக்கில் ஜார்ஜியோ மொரோடர், டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை ஏறக்குறைய முழுக்க சிந்தசைஸரிலேயே அமைத்தார். ஆனால் ஹவுஸ் பிறந்தது சிகாகோவில். ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்ற, ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீனோ தன்பால் ஈர்ப்பாளர்கள். இன்னொரு மின்னணு ஆட்ட வகையான டெக்னோவுக்கு ஊர் டெட்ராய்ட். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள், பக்கத்து பெல்வில்லில் பள்ளித் தோழர்கள்.

கேள்வி: டிஸ்கோ ரெக்கார்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்களாமே, நிஜமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: நிஜம். 1979 ஜூலை 12, சிகாகோ காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோ ரெக்கார்டு ஒன்று கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட்தான். ரேடியோ அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அவற்றைக் குவித்து வெடித்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று அங்கே பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவர். வந்து விழுந்தவற்றில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினப் பாடகர்களின் ரெக்கார்டுகளும் இருந்ததைக் கவனித்ததாகப் பிற்பாடு சொன்னார். 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸின் ‘ஆன் அண்ட் ஆன்’ வந்தது. முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்று பலரும் சொல்லும் அதை உருவாக்கியதில் இதே லாரன்ஸுக்குப் பங்கு உண்டு. டிஸ்கோவுக்குக் கருமாதி நடத்திய ஊரிலேயே அதன் வாரிசு பிறந்துவிட்டது!

கேள்வி: பட்டனைத் தட்டினால் எந்திரம் வாசிக்கிறது. இதில் மனுஷன் திறமை எங்கே?
– சேலம் வாசகர்

பதில்: ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 கதையைக் கேளுங்கள். பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காத கிடார்காரர்களுக்காக 1981-ல் வந்த சின்னப் பெட்டி. பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை. 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக மலிந்த அந்தப் பெட்டி சிகாகோவின் ‘ஃப்யூச்சர்’ குழுவுக்குக் கிடைத்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினார்கள். சத்தம் குழைந்தது, கீச்சிட்டது, முனகியது. 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியானது. ஆசிட் ஹவுஸ் என்று ஒரு தனி வகையே கிளம்பிற்று. செய்த கம்பெனியே எதிர்பார்க்காத சத்தத்தைக் கண்டுபிடித்தது காது சார், பட்டன் இல்லை.

கேள்வி: இதில் இந்தியர் யாருமே இல்லையா?
– புதுச்சேரி வாசகி

பதில்: ஒருவர் உண்டு! பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982-ல் அதே 303-ஐ வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டார். நம் இந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ் உண்டு, மாயாமாளவகௌளைக்கு இணையான பைரவ் உண்டு. அப்போது சீந்துவாரில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்ததும், ஆசிட் ஹவுஸுக்கு ஐந்து வருடம் முந்திய ஆசிட் ஹவுஸா என்று மேல்நாட்டார் வாயைப் பிளந்தார்கள். உடனே ‘நாம்தான் கண்டுபிடித்தோம்’ என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். சிகாகோக்காரர்கள் அதைக் கேட்டதற்குச் சான்றில்லை.

கேள்வி: அரசாங்கம்கூட இந்தத் தாளத்தை எதிர்த்ததா?
– ஈரோடு வாசகர்

பதில்: பிரிட்டன் எதிர்த்தது. ‘ரேவ்’ என்ற திறந்தவெளி ஆட்டக் கூட்டங்களை அடக்க 1994-ல் வந்த சட்டம், ‘திரும்பத் திரும்ப வரும் தாளம்’ என்று இலக்கணமே வகுத்தது. ‘ஆடெக்கர்’ என்ற இருவர் குழு, எந்த இரண்டு தாளச் சுற்றும் ஒன்றுபோல் வராத ஒரு பாட்டைச் செய்து பதில் கொடுத்தது. அதைப் போடும்போது வக்கீலையும் இசை அறிஞரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உறையிலேயே ஆலோசனை வேறு! ஜெர்மனியிலோ நேர்மாறு. 2016-ல் பெர்லினின் ‘பெர்க்ஹைன்’ கிளப்பில் நடப்பது கலை நிகழ்ச்சிதான் என்று நீதிமன்றம் ஏற்க, 19 சதவீத வரி 7 ஆனது. 2024-ல் பெர்லின் டெக்னோ அந்நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

கேள்வி: டெக்னோ ரசிகர்கள் இன்று ‘ஈடிஎம்’ (எலெக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) கேட்பவர்களைக் கண்டால் முகம் சுளிக்கிறார்களே?
– மதுரை வாசகர்

பதில்: நேற்றைய மருமகள் இன்று மாமியார். மோசமான பாட்டு எல்லா வகையிலும் உண்டு. அதைத் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஒரு வகையையே மட்டம் என்பவரின் காதில் விழுவது பெரும்பாலும் பாட்டு அல்ல. அதற்கு ஆடுகிறவன் யார், எந்தத் தெரு, என்ன நிறம் என்பதுதான்.

கேள்வி: என் பையன் எந்நேரமும் ஹெட்போனில் இதையே கேட்கிறான். என்ன செய்ய?
– தாம்பரம் வாசகி

பதில்: சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரசனையை மாற்றச் சொல்லாதீர்கள். ஒருநாள் அந்த ஹெட்போனை வாங்கி நீங்களும் கேளுங்கள் அம்மா; பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அதற்குப் பிறகு உங்களுக்கு முழுசாக உண்டு.